ஒரே வீட்டுக்குப் போட்ட இரண்டு வேலி

கம்பிவேலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நாய் வளர்க்கிற வீட்டுக்கு எது நல்லது? கல்தூண் நட்டுக் கம்பிவலை அடிப்பதா, மண்ணுக்குள் ஒயரைப் புதைத்து நாய் கழுத்தில் கரண்டு பெல்ட்டு மாட்டுவதா? கேட்டதோடு விடவில்லை. எழுதித் தாருங்கள், எல்லோரும் வாசிப்போம் என்றார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஏழாம் வகுப்போடு கடப்பாரை பிடித்தவன். முட்டு வலி வந்து வேலையை விட்டபிறகு நேரம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் இரண்டும் போட்டவன். ஒரே வீட்டுக்குப் போட்டேன். இரண்டும் நல்ல வேலை. தூண் விழவில்லை, ஒயர் அறுபடவில்லை. இரண்டு நாயும் செத்துப்போயின.

வீடு மேற்கே, கடற்கரை ஊர் ஒன்றில். ஊர்ப் பெயர் வேண்டாம். வீட்டுக்காரி பெயர் பிலோமி. புருஷன் இல்லை. ஒரே மகன், கல்ஃபில். பிலோமி மீன் கருவாடு போட்டு விற்பார். என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூப்பு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் என்னை முதலில் கூப்பிட்டது சுனாமி வந்த வருஷம், டிசம்பர் மாதத் தொடக்கத்தில். அப்போது டைகர் என்று ஒரு கறுப்பு நாய் வைத்திருந்தார். அதனால் ஒரு தொல்லை. அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே போகும். பூசைக்கும் போகும். கோயிலுக்குள் அக்கா முழங்காலில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க அவர் வரிசையில் போனால் அதுவும் வரிசையில் போகும். ஊரில் ஒரே கேலி.

"சாமி, பிலோமிக்க நாய்க்கும் ஒரு நன்மை குடுத்திரும். ஒரு பூசை விடாம வருவு" என்று எதிர்வீட்டு மரியதாஸ் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சாமியாரும் சிரித்திருக்கிறார். அக்காவுக்கு வெட்கம். கிறிஸ்மஸுக்கு முன்னால் வேலி வேண்டும் என்றார்.

மயிலாடியில் தூண் எடுத்தேன். கோட்டாறில் வலை எடுத்தேன். ஐந்தடி உயரம். மணல் பூமி, நாய் அடிமண்ணைப் பறித்துத் தோண்டிக்கொண்டு போய்விடும் என்று வலையை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கினேன். அதைச் சொல்லிக்கொடுத்தது யாரும் இல்லை, என் சொந்தப் புத்தி. இரும்புக் கேட், அதற்குக் கீழே சிமெண்டுப் படி. முடித்துவிட்டு, இனி ஒரு நண்டு வெளியே போக வேண்டுமானாலும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா கேட்டைப் பூட்டிவிட்டுப் பூசைக்குப் போனார். டைகர் கேட்டில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்று அழுததாம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கடல் வந்தது.

கோயில் மேட்டில் இருந்ததால் அக்கா பிழைத்தார். அந்த ஊரில் ஆள் போகாத வீடு குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் நாயைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் இல்லை. இப்போது எழுதவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் நாலாம் நாள் போனேன். வெட்டுகிற வேலை நிறைய இருக்கிறது, கட்டிங் பிளேயர் வைத்திருப்பவன் வா என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். தெருவில் சுவர் இல்லை, ஓடு இல்லை. என் வேலி நின்றது. பதினெட்டுத் தூணில் இரண்டுதான் சாய்ந்திருந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போகையில் கொண்டுபோனதை எல்லாம் என் வலை பிடித்து வைத்திருந்தது. மீன் வலை, ஓலை, பாய், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. கிழக்கு மூலையில் டைகர்.

மற்ற வீட்டு நாய்களைக் கேட்டேன். மரியதாஸ் சொன்னார்: "சத்தம் கேட்டதும் எல்லாம் மேட்டுக்கு ஓடிட்டு. மனுசனுக்கு முந்தி ஓடிச்சு."

என்னோடு வந்த ஒருவன் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீடே போய்விட்டது, வேலி நிற்கிறதே, கெட்டிக்கார வேலை என்றான். வலையை வெட்டினேன். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு சொல்ல நினைத்தபோது நாள் போய்விட்டது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஆறேழு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர் கடலோரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே, அவருக்கு உரிய பத்து சென்ட் தென்னந்தோப்பில் வீடு கட்டியிருந்தார். அங்கேயும் எதிர்வீடு மரியதாஸ்தான். ரோடு வாசலை ஒட்டிப் போகிறது. மீன் வண்டிகள் கண்மண் தெரியாமல் போகிற ரோடு. ஒரு தாய் நாய் அங்கே இரண்டு குட்டி போட்டது. ஒன்று வண்டியில் அடிபட்டுப் போனது. மற்றதை அக்கா எடுத்துக்கொண்டார். வெள்ளையும் தவிட்டு நிறமும் கலந்தது. சீனி என்று பெயர்.

நான் போய் இடத்தை அளக்க டேப்பை எடுத்தேன்.

"அத மடக்கி வையும், அண்ணாச்சி" என்றார் அக்கா. "வலை வேண்டாம். மதிலும் வேண்டாம். இனியும் கடல் வந்தா, அது ஓடணும். யாரும் வந்து தொறந்து விடுததுக்கு நிக்கப்பிடாது."

வீட்டுக்குள் போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். மகன் அங்கே ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை பார்க்கிறான். அந்த வீட்டில் இதுதான் போட்டிருக்கிறார்களாம். ஊருக்கு வந்த ஒருவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். உள்ளே ஒயர்ச் சுருள், சுவரில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, நாய்க்கு ஒரு பெல்ட்டு, வெள்ளைக் கொடிகள் ஒரு கட்டு, இங்கிலீஷில் ஒரு புத்தகம். ஒயரை இடத்தைச் சுற்றிப் புதைக்க வேண்டும். நாய் அதன் பக்கத்தில் வந்தால் பெல்ட்டு முதலில் சத்தம் போடும். அதற்கும் நிற்காமல் போனால் கழுத்தில் கரண்டு அடிக்கும். கண்ணுக்கு வேலியே தெரியாது.

எனக்கு அது பிடித்துப்போனது. காரணம் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலியை அந்த அக்காவுக்குப் போட்டு, அதை நானே வெட்டியவன். தெரியாத வேலி என்றதும் மனசு லேசானது. வேலைக்காரன் மனசு லேசாகிற இடத்தில்தான் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவான்.

கரண்டு வேலைக்குச் சுயம்புவைக் கூட்டிப் போனேன். அவன் ஒயரிங் மேஸ்திரி, என்னைவிடப் பத்து வயது இளையவன், வாயாடி. புத்தகத்தை அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒயர் பக்கம், பெட்டி பக்கம், பெல்ட்டு பக்கம் மூன்றையும் வாசித்துச் சொன்னான். மீதி என்ன என்று கேட்டேன். "மீதி எல்லாம் கம்பெனிக்காரன் அவனையே புகழ்ந்து எழுதியிருக்கான் அண்ணே. நம்ம கல்யாண நோட்டீசு மாதிரி" என்றான். சிரித்தேன். புத்தகத்தை மூடினோம்.

ஒயர் புதைக்க ஒரு நாள். நாயைப் பழக்க மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் சாயங்காலம் நானே போனேன். கொடிகளை ஒயருக்கு ஓரடி உள்ளே வரிசையாக நட்டேன். பெல்ட்டை முதலில் என் முன்கையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பார்த்தேன். எறும்பு கடித்ததுபோல இருக்கும் என்று சுயம்பு சொல்லியிருந்தான். எறும்பு இல்லை. கை தானாக மடங்கிவிட்டது.

சீனி நாலு முறை வாங்கியது. நாலையும் நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, ஒவ்வொரு முறையும் வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அது கொடிக்கு அந்தப் பக்கம் போகவில்லை. கொடியைப் பிடுங்கிய பிறகும் போகவில்லை. கோட்டுக்கு உள்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நடந்து மணலில் ஒரு தடம் விழுந்தது. தென்னைகளுக்கு நடுவே, கயிறு பிடித்துப் போட்டதுபோல.

வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் ஒரு முறை உண்டு. பெல்ட்டைக் கழற்றி, நாயைத் தூக்கி, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்க வேண்டும். தானாக நடந்து தாண்டப் பழக்கினால் வேலி கெட்டுவிடும். அக்கா அதைச் சரியாகச் செய்தார். பூசைக்குப் போகும்போது வாசலுக்கு நேரே கோட்டில் வந்து நிற்பார். சீனி அவர் காலடியில் வந்து நிற்கும். பெல்ட்டைக் கழற்றுவார், தூக்குவார், ஓரடி எடுத்து வைத்து இறக்குவார். வளர்ந்து கனத்த பிறகும் தூக்கினார். அதுவும் கோயிலுக்குள் போகும். மரியதாஸ் பழைய கேலியை மறுபடி தொடங்கினார். இந்த முறை அக்கா வெட்கப்படவில்லை.

அந்த வருஷங்களில் கரண்டு தடை எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பாதி நாள் கரண்டு இருக்காது. சுவர்ப் பெட்டியில் விளக்கு அணைந்து கிடக்கும். முதலில் சுயம்புவும் நானும் பயந்தோம். போய்ப் பார்த்தால், சீனி அதே தடத்தில் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு பையன் வறுத்த மீனைக் காட்டிக் கூப்பிட்டான். வாலை ஆட்டியது, வரவில்லை.

"பாத்தீரா அண்ணே? கரண்டே இல்லாம ஓடுத வேலி. உலகத்துல நாம ரெண்டு பேருதான் போட்டிருக்கோம்" என்றான் சுயம்பு.

எனக்கும் பெருமைதான். ஆட்கள் வந்து பார்த்தார்கள். இன்னும் இரண்டு வீட்டில் அதே வேலி போட்டுக் கொடுத்தேன்.

மரியதாஸ் மட்டும் ஒரு நாள் வலை பின்னிக்கொண்டே கேட்டார். "ஓய் வேலிக்காரரே, கடப்புறத்து நாயெல்லாம் சீனிக்க சோத்தத் தின்னுட்டுப் போவு. உம்ம வேலிக்கு அதுவள அடையாளம் தெரியாதோ? அதுவளுக்கும் ஆளுக்கொரு பெல்ட்டு போட்டு விடும்."

சிரித்துவிட்டு வந்தேன். அன்று மணலில் வேற்று நாய்களின் கால் தடம் இருந்ததை நானும் பார்த்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, தாண்டி வெளியே போயிருந்தது. என்னைக் கூப்பிட்டது சீனி வெளியே போகாமல் இருக்க. அது போகவில்லை. என் வேலை சரி என்று நினைத்தேன். கடற்கரையில் திரிகிற கடப்புறத்து நாய் என்னுடைய கணக்கில் இல்லை.

தம்பிமாரே, இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு டிசம்பரில், கோட்டாறு கோயில் திருவிழாக் கடைசி நாள். அக்கா காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார். கூட்டத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. திரும்ப நேரமாகும் என்று கிண்ணம் நிறையச் சோறும் மீனும் வைத்துவிட்டுப் போனார். அந்த மணத்துக்குத்தான் கடப்புறத்து நாய்கள் வந்திருக்கின்றன. மதியம், ஐந்தாறு.

சேதி கேட்டு நான் சாயங்காலம் போனேன். மரியதாஸ் நடந்ததைச் சொன்னார். அவருக்கு ஒரு கால் சரியில்லை, வேகமாக நடக்க முடியாது. கேலி பேசுகிற மனிதர் அன்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நாய்கள் முதலில் கிண்ணத்துக்குப் போயின. சீனி குரைத்தது. அவை அதன்மேல் திரும்பின. சீனி ஓடியது. ரோட்டைப் பார்த்து ஓடியது, நல்ல ஓட்டம், அவற்றுக்கு எட்டாத ஓட்டம். வாசலுக்கு நேரே கோட்டில் வந்து நின்றுவிட்டது.

"நான் ரோட்டுக்கு வந்துட்டேன், அண்ணாச்சி. வா சீனி, வா மக்களேன்னு கூப்பிட்டேன். என்னயத் தெரியும்லா அதுக்கு. முன்னங்கால தூக்கும், வைக்கும். தூக்கும், வைக்கும். கோட்டுக்கு இங்க வரல. எனக்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னுது. நான் போயி தூக்குததுக்குள்ள…"

தன் சரியில்லாத காலைக் கையால் தட்டினார்.

அது நின்றது அக்கா தூக்குகிற இடம். அவர் அந்த இடத்தில் வந்தால்தான் கழுத்தில் இருப்பது போகும், கோட்டுக்கு அந்தப் பக்கம் போகலாம். அது அப்படித்தான் படித்திருந்தது. படிக்க வைத்தவன் நான்.

திரும்பி வந்த அக்கா ஒரு தென்னை மூட்டில் குழி வெட்டச் சொன்னார். வெட்டினேன். அவர் பெல்ட்டைக் கழற்றிக் கழுவி, ஒரு துணியில் சுற்றி என்னிடம் தந்தார். இது உங்கள் சாமான் என்று சொன்னார். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பெல்ட்டைச் சுயம்புவிடம் காட்டினேன். அவன் திறந்து பார்த்தான்.

"அண்ணே, பேட்டரி செத்துக் கெடக்கு. நேத்து இன்னைக்கு இல்ல. பச்சை பிடிச்சிருக்கு பாரும். மாசக்கணக்காச்சு."

அது சாதாரணப் பேட்டரி இல்லை, நம் கடைகளில் கிடைக்காது. மகன் அனுப்ப வேண்டும். அப்படியானால் மாதக்கணக்காக அந்தக் கழுத்தில் இருந்தது வெறும் வார். சீனி என்றைக்கு வேண்டுமானாலும் நடந்து வெளியே போயிருக்கலாம். நேற்றும் போயிருக்கலாம்.

"இத அந்த அக்காகிட்ட சொல்லாண்டாம்" என்றான் சுயம்பு. "அது தாங்காது. பேட்டரி பாக்காம விட்டது நான்தான்னு நெஞ்சுல அடிச்சுக்கும். ஒயரத் தோண்டி எடுத்துட்டு வந்துருவோம். பேசாம இருப்போம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்றேன்.

அன்றே மற்ற இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒயர் போதாது, வெளியே சுற்றி வலை அடிக்க வேண்டும், அதுவரை நாயை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள் என்று சொன்னேன். ஒருவர் கேட்டார். ஒருவர் முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே என்றார். அவர் சொன்னது நியாயம்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை என் மகளிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தமிழில் சொல்லச் சொன்னேன். நாங்கள் வாசிக்காமல் விட்ட பக்கத்தில் எல்லாம் இருந்தது. இந்த வேலி வேறு மிருகங்கள் உள்ளே வருவதைத் தடுக்காது. நாயைத் தனியே விட்டு வெகுநேரம் போகாதீர்கள். பயந்த நாய் கோட்டைத் தாண்டிப் போய்விடலாம், போன நாய் திரும்ப உள்ளே வரப் பயப்படலாம். கல்யாண நோட்டீசு இல்லை. மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தது.

மகள் வாசித்துவிட்டு, அப்பா, இதில் நாய் தாண்டாமல் நின்றுவிடுவதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றாள். ஆமாம், அது இல்லை. அந்த அளவுக்கு நான் நன்றாகப் பழக்கியிருந்தேன்.

ஒரு வாரம் யோசித்தேன். சொல்லாமல் இருப்பது இரக்கம்தான். ஆனால் யாருக்கு இரக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். டைகர் போனபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்தவன் நான். கேட்டைப் பூட்டியது நீங்கள் என்றாலும், மண்ணைப் பறித்துக்கொண்டு போக வழியில்லாமல் வலையை மண்ணுக்குள் இறக்கியது என் புத்தி என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒன்பது பத்து வருஷமாகக் கேட்டைப் பூட்டிய கையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அதில் பாதி என்னுடையது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒயர் எடுக்கப் போனபோது சுயம்புவைக் கூட்டிப் போகவில்லை. தோண்டுவதற்கு முன்னால் சொல்லிவிட நினைத்தேன். அக்கா கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெல்ட்டு வேலை செய்யவில்லை அக்கா, பேட்டரி தீர்ந்து மாதக்கணக்காகிறது, அதைப் பார்த்திருக்க வேண்டியது நான் என்று சொன்னேன். டைகரையும் வலையையும் சொன்னேன். எனக்கு நீளமாகப் பேசி வழக்கமில்லை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் கை நிற்கவில்லை. இரண்டு மூன்று மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"பேட்டரி தீந்தது எனக்குத் தெரியும், அண்ணாச்சி. ஈஸ்டருக்குப் பெறகு பெல்ட்டுல உள்ள சின்ன வெளக்கு எரியல. மகன்கிட்ட சொன்னா ரெண்டு நாளுல அனுப்பியிருப்பான். நான் சொல்லல."

ஏன் என்று கேட்டேன்.

"அது எப்பிடியும் நிக்குல்லா. நிக்குத பிள்ளைக்க கழுத்துல என்னத்துக்கு அத வைக்கணும்? சும்மா வெறும் வாரு கெடக்கட்டும்னு விட்டேன். நல்லது செய்யுதேன்னுதான் நெனச்சேன்."

பெல்ட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகும் அவர் கழற்றினார், தூக்கினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதையும் கேட்டேன்.

"நான் கோட்டத் தாண்டி நடந்து பாத்தேன். பெல்ட்டக் கழத்திட்டு, வா ஒண்ணும் இல்லன்னு கூப்பிட்டேன். வரல. தூக்குனாத்தான் வரும். கரண்டு இல்லன்னு அதுகிட்ட யாரு சொல்ல, அண்ணாச்சி? எனக்கு அதுக்க பாஷை தெரியாதே."

மரியதாஸைப்போல அக்காவும் அதைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு முறை இல்லை, ஈஸ்டருக்குப் பிறகு எத்தனையோ முறை. அது என்னிடம் நாலு முறை வாங்கிய அடிதான் கடைசிவரை அதற்குப் பேசியது.

ஒயரைத் தோண்டினேன். தோண்டுவது லேசு, சீனியின் தடத்துக்கு ஓரடி வெளியே தோண்டிக்கொண்டே போனால் போதும். தென்னைகளைச் சுற்றி முழுவதும் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடினேன். தடத்தின்மேல் மண் விழாமல் பார்த்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வலை அடித்துத் தரட்டுமா, கேட்டை வெளிப்பக்கம் தள்ளினால் திறக்கிற மாதிரி வைக்கிறேன், உள்ளேயிருந்து மூக்கால் தள்ளினாலும் திறக்கும், இன்னொரு குட்டி எடுங்கள் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வலை வேண்டாமா, குட்டி வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது நல்லது என்று கேட்டால், வலைதான் அடிக்கச் சொல்வேன். வெளியே இருப்பதை அது நிறுத்தும். நாய் கண்ணால் பார்க்கும், இது வேலி, இது வழி என்று அதற்குத் தெரியும். ஆனால் அடித்து முடித்தபிறகு ஒருநேரம் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு நில்லுங்கள். நல்ல நாளில் அந்த நாய் எங்கே படுக்கும் என்று பார்க்காதீர்கள். மோசமான நாளில் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் வழி இல்லையென்றால் உங்கள் வேலை முடியவில்லை. ஒயர்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றால், புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, அவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். எதிர்வீட்டுக்காரர் கேலியாக ஒன்று சொன்னால், கருவியை எடுத்துக்கொண்டு திரும்பி உள்ளே போங்கள்.

தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் பங்கை நீங்கள் எடுக்காவிட்டால், அதையும் சேர்த்து வேறொருவர் சுமந்துகொண்டிருப்பார்.

அன்று ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தது. அக்கா சேலையை மாற்றி, முக்காடு போட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார். நான் வழிவிட்டு நின்றேன். மரியதாசும் எதிரே வலையோடு உட்கார்ந்திருந்தார். அன்று ஒரு கேலியும் இல்லை.

வாசலுக்கு நேரே, ஒயர் இருந்த இடத்தில் அக்கா வந்து நின்றார். அங்கே ஒன்றும் இல்லை. நான்தான் அரைமணி நேரத்துக்கு முன்னால் தோண்டி எடுத்து மூடியிருந்தேன், மண் ஈரம் காயவில்லை. அவருக்கும் தெரியும். இருந்தும் நின்றார். கொஞ்சம் குனிந்தார். கை இரண்டும் கீழே போய், வெறுமனே திரும்பி வந்தது.

பிறகுதான் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.